அறப்போரா, படையெடுப்பா?

'தார்மீகச் சிலுவைப் போர்.' 'மாரல் க்ரூசேட்' (moral crusade) என்ற ஆங்கிலத் தொடருக்கு இந்தத் தமிழாக்கம் இந்த மாதம் மூன்றாவது தடவையாகக் கண்ணில் படுகிறது. புகைத் தடை பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் உணவகத்தில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்துக்கொண்டே படித்தேன். எரிச்சல் தாங்கவில்லை.

மாரல் க்ரூசேட் என்பதன் வேரில் சிலுவை இருப்பது உண்மைதான். 1095இல் போப் இரண்டாம் அர்பன் அழைத்துக் கிளம்பிய படைகள் ஆடையில் சிலுவை தைத்துக்கொண்டன. அப்புறம் ஊரைத் திருத்தக் கிளம்பும் எந்த வேகத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு இந்த 'அப்புறம்' மட்டும் தெரிவதே இல்லை.

தனித்தமிழ் அன்பர்கள் 'அறப்போர்' என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிலுவையைவிட மோசம். அறம் என்று சொன்ன உடனே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எதிரே நிற்பவன் அறமற்றவன். அதைவிட முக்கியம், திசை. நம் வழக்கில் அறப்போர் கீழிருந்து மேலே போவது. 1930இல் வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பு அள்ளியது அறப்போர். மாரல் க்ரூசேட் பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்கும். சிகாகோவில் 1899இல் லூசி பேஜ் காஸ்டன் சிகரெட்டுக்கு எதிராகச் சங்கம் தொடங்கினார். பையன்களும் குடியேறிய தொழிலாளிகளும் பிடித்த மலிவுச் சிகரெட்தான் குறி. கனவான்களின் சுருட்டு அவ்வளவாக அடிபடவில்லை. (நம் சுருட்டுதான் ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது.) கான்சாஸ் மாநிலத்தில் சிகரெட் விற்பனைத் தடை 1927 வரை நீடித்தது. இதையா அறப்போர் என்பது?

'ஒழுக்கப் படையெடுப்பு' என்று எழுதலாம். யார், யாருடைய இடத்துக்குள் போகிறார்கள் என்ற கேள்வி சொல்லிலேயே இருக்கிறது. கடுமையாக இருக்கிறதாம். இருக்கட்டும், ஆங்கிலத்திலும் அது பாராட்டு இல்லையே.

அதற்காக எல்லா விதிக்கும் இதை மாட்டிவிடக் கூடாது. மலேசிய உணவகங்களில் 2019 ஜனவரி 1 முதல் புகைக்கக் கூடாது, 3 மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது அடுத்தவர் நுரையீரலுக்கான விதி. 'புகைத் தடை' போதும். அன்று பக்கத்து மேசைக்காரர், "இந்த லோரிக்காரனுங்களுக்கு நாகரிகமே கிடையாது" என்றாரே, படையெடுப்பு அங்கேதான் இருக்கிறது. அவர் சொன்ன லோரிக்காரர் அந்த 3 மீட்டரைக் காட்டும் மஞ்சள் கோட்டைத் தாண்டி, சாக்கடை ஓரம், தூறலில் ஒழுங்காகத்தான் நின்று புகைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தே ஓ (பால் இல்லாத தேநீர்) மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.