அட்டை இல்லை என்று சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்து 1,20,000 ஆனது. பின்னணி இவ்வளவு போதும்.

வரம்பை உயர்த்திய பிறகும் யார் வெளியே நிற்கிறார்கள் என்பதுதான் விஷயம். 1,20,000 என்றால் மாதம் 10,000, அதுவும் குடும்பம் முழுவதற்கும். இரண்டு பேர் வீட்டுக்கும் ஏழு பேர் வீட்டுக்கும் ஒரே கோடு. ஏற்காட்டு காபித் தோட்டத்தில் கணவன், மனைவி இருவரும் ஆளுக்கு 400 ரூபாய் கூலிக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். மாதம் 25 நாள் என்று எழுதினால் 20,000, காப்பீட்டு அட்டை கிடையாது. பழம் பறிப்பு முடிந்தபின் அத்தனை நாள் வேலை யார் தருகிறார்கள்? வருமானச் சான்றுக்காக வி.ஏ.ஓ. விசாரிக்கும்போது கூலியை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ஆண்டில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்த பொறி ரேஷன் கார்டு. கல்யாணமான பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டுக் கார்டில் நீக்கியிருப்பார்கள், புகுந்த வீட்டுக் கார்டில் சேர்த்திருக்க மாட்டார்கள். கார்டில் பெயர் இல்லாதவர் காப்பீட்டிலும் இல்லை. நோய் வருவதற்கு முன்பே இதைச் சரிசெய்யுங்கள். ஆதாரில் இனிஷியல் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அட்டைக்காக சேலம் கலெக்டர் ஆபீஸ் வந்தவரிடம் "சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க" என்பது ஒரு நாள் கூலியைப் பறிப்பதுதான். கிளம்பும் முன் அசல் ஆவணங்களையும் நகல்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா ஆஸ்பத்திரியிலும், எல்லா நோய்க்கும் இந்த அட்டை செல்லும் என்று நினைக்காதீர்கள். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் செலவு இதில் வராது. அறுவை சிகிச்சைக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுத் தொடர்பு அலுவலரைப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். பிறகு திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம்.

உயிருக்கு ஆபத்து என்றால் அட்டைக்காகக் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். 1800 425 3993 எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வராதீர்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் "எந்த விதிப்படி மறுத்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். அது உயிர் பிரச்சினை என்பதை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.