கியர்பாக்ஸைக் கழற்றச் சம்மதிக்கும் முன்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய ஆட்டோமேட்டிக் கார் கியர் மாறும்போது உதறினால், அதன் உரிமையாளர் காதில் முதலில் விழும் தீர்ப்பு, “கியர்பாக்ஸ் போய்விட்டது” என்பதுதான். காரை இன்று விற்றால் கிடைக்கும் பணத்தில் பாதியைக் கேட்கும் மதிப்பீட்டுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கோவையில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்து நிற்பார்கள். ஓய்வூதியத்தில் வாழ்பவர்களும், கால் வலிக்காக ஆட்டோமேட்டிக் வாங்கியவர்களும் இப்படி வரும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. ஏனென்றால் அவர்களில் பலரது வண்டியில் கோளாறு கியர்பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கிறது. பெட்டியைத் திறப்பது கடைசி வேலை. அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். மாதிரியின் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. ஹோண்டா சிட்டியில் 2008-ல் வந்த தலைமுறைக்கு டார்க் கன்வெர்ட்டருடன் (இன்ஜினின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) கூடிய ஐந்து கியர் பெட்டி. 2014-ல் வந்ததற்கோ தனித்தனி கியர்கள் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சிவிடி. மாருதி செலேரியோவில் 2014-ல் வந்த ஏஎம்டி முற்றிலும் வேறு. அது சாதாரண கியர்பாக்ஸும் சாதாரண கிளட்சும்தான், காலுக்குப் பதில் ஹைட்ராலிக் கருவி ஒன்று கிளட்சை மிதிக்கிறது. டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கான வைத்தியத்தை இதற்குச் செய்தால் பணம்தான் வீண். ஏஎம்டி உதறினால் கிளட்ச் தேய்மானத்தையும், அந்தக் கருவியின் எண்ணெய் அளவையும் பாருங்கள். கிளட்ச் மாற்றிய பிறகு ஸ்கேனர் வைத்து வண்டியின் கணினிக்குப் புதிய கிளட்சைப் பழக்கினார்களா என்றும் கேளுங்கள். அதைச் செய்யாமல் அனுப்பிவிட்டு, வண்டி உதறும்போது பெட்டியைக் குறை சொல்வதுண்டு.

டார்க் கன்வெர்ட்டர் வண்டி என்றால் முதல் சோதனை கியர்பாக்ஸ் ஆயில். காலையில் ரிவர்ஸ் போட்ட பிறகு ஓரிரு விநாடி கழித்துத்தான் வண்டி பிடிக்கிறது, வளைவில் திரும்பும்போது இழுவை விட்டுவிட்டு வருகிறது என்றால் அளவு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அளவைப் பார்க்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கியர்பாக்ஸ் ஆயிலை அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக் உள்ள பழைய டொயோட்டாவில் வண்டியைச் சூடேற்றி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டு, பார்க்கில் வைத்துப் பார்க்க வேண்டும். 2008-ல் வந்த அந்தச் சிட்டியிலோ, ரேடியேட்டர் விசிறி சுற்றும் அளவுக்குச் சூடேற்றி, இன்ஜினை நிறுத்தி, ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ஒன்றின் முறையில் மற்றொன்றைப் பார்த்துவிட்டு ஆயில் குறைவு என்று மேலும் ஊற்றினால், அதிகமான ஆயில் நுரைக்கும். நுரையால் அழுத்தம் கொடுக்க முடியாது. இல்லாத கோளாறு அப்போதுதான் பிறக்கும்.

எந்த ஆயில் என்பதும் அதே அளவு முக்கியம். டொயோட்டாவின் டி-4 ஆயிலும் டபிள்யூஎஸ் ஆயிலும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. பழைய ஹூண்டாய் பெட்டிகள் எஸ்பி-3 கேட்கும். சிவிடிக்கு அதற்கென்று தனி ஆயில் உண்டு, சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலான ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கி உள்ளே கீறல் விழும். “எல்லா வண்டிக்கும் ஒத்துவரும்” என்று சொல்லும் டப்பாவை நான் பட்டறைக்குள் விடுவதில்லை.

டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். சிவப்போ இளம் பழுப்போ என்றால் பயம் இல்லை. கறுத்துப்போய்க் கருகிய வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் எரிந்திருக்கின்றன. இந்த இரண்டையும் விட என்னைப் பதற வைப்பது மூன்றாவது நிறம், ரோஸ் மில்க் மாதிரி வெளுத்த இளஞ்சிவப்பு. பல வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே போகிறது. கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் ஆண்டுக்கணக்கில் போர்வெல் தண்ணீரை ஊற்றினால், உப்பு அந்தக் குழாயை அரித்து ஓட்டை போடும். கூலன்ட்டும் ஆயிலும் கலந்துவிடும். கிளட்ச் தகடுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டைகள் தண்ணீரில் ஊறி உரிய ஆரம்பிக்கும். இந்த நிறத்தைக் கண்டால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்துங்கள். பட்டறை வரை மெதுவாக ஓட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். நல்ல கூலன்ட்டின் விலை எவ்வளவு, ஒரு கியர்பாக்ஸின் விலை எவ்வளவு!

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் செடான் வண்டிக்கு வேறொரு பட்டறையில் பெட்டியைப் பிரித்துச் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். டிரைவ் போட்டதும் ‘தடக்’ என்ற சத்தம், ரிவர்ஸ் போட்டதும் அதே சத்தம். ஆனால் ஓட்டிப் பார்த்தால் கியர்கள் வெண்ணெயாக மாறின. பானெட்டைத் திறந்து வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, உதவியாளரைப் பிரேக்கை நன்றாக மிதித்தபடி டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றச் சொன்னேன். (இந்தச் சோதனையின்போது யாரும் வண்டியின் முன்னாலோ பின்னாலோ நிற்கக் கூடாது, பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும்.) இன்ஜின் ஒரு கை அகலத்துக்கு எழும்பி விழுந்தது. கீழே இன்ஜினைத் தாங்கும் மவுன்ட்டின் ரப்பர் நடுவில் கிழிந்து, இரும்பு இரும்பில் மோதிய இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது. ரப்பர் மவுன்ட்டை மாற்றினோம், சத்தம் போனது. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் பழுதால் வரும் திணறலும் இப்படித்தான் ஓட்டுபவருக்குக் கியர் உதறலாகத் தெரியும். இன்ஜின் சரியாக ஓடுகிறது என்று உறுதி செய்யாமல் கியர்பாக்ஸைப் பற்றிப் பேசவே கூடாது.

லீவர் பார்க்கிலிருந்து நகரவே இல்லையா? யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதியுங்கள். பிரேக் விளக்கு எரியவில்லை என்றால் பிரேக் ஸ்விட்சோ அதன் ஃபியூஸோ போயிருக்கும், மிதித்தது தெரியாததால் லீவரின் பூட்டு விடவில்லை, அவ்வளவுதான். பல வண்டிகளில் லீவருக்குப் பக்கத்தில் ஒரு சிறு மூடி இருக்கும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு, அந்த மூடியை எடுத்து உள்ளே சாவியால் அழுத்தினால் பூட்டு விடுபடும். ஆனால் அப்படியே நாள் கணக்கில் ஓட்டாதீர்கள், நீங்கள் பிரேக் பிடிப்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

வண்டி திடீரென்று ஒரே கியரில் நின்றுகொண்டு, எவ்வளவு மிதித்தாலும் மாற மறுத்தால், கணினி தற்காப்பு நிலைக்குப் போயிருக்கிறது என்று பொருள். பழைய பேட்டரி, துருப்பிடித்த எர்த் இணைப்பு, வேகத்தைச் சொல்லும் சென்சார் இவற்றில் எது கெட்டாலும் இது நடக்கும். ஸ்கேனரில் பி 0700 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் பயந்துவிடாதீர்கள். கியர்பாக்ஸ் பகுதியில் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லாது. கூடவே இருக்கும் மற்ற குறியீடுகளைக் கேளுங்கள். பி 0717 என்றால் கியர்பாக்ஸுக்குள் வரும் சுழற்சியை அளக்கும் சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை, முதலில் வயரையும் சென்சாரையும் பார்க்க வேண்டும். பி 0730 என்றால் கியர் விகிதம் தவறுகிறது, உள்ளே வழுக்குகிறதா என்று தேட வேண்டும். குறியீடுகளை அழிப்பதற்கு முன் எழுதி வாங்கிக்கொள்வது உங்கள் உரிமை.

பழைய பெட்டிக்கு ஆயில் மாற்றினால் கெட்டுவிடும் என்ற பேச்சு எங்கும் இருக்கிறது. என் தீர்மானம் இது: ஆயில் நிறம் மங்கியிருந்து, வழுக்கல் இல்லை என்றால் தாராளமாக மாற்றலாம். இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவ வேண்டாம், வடித்து ஊற்றினால் போதும். ஒருமுறை வடித்தால் முழு ஆயிலும் வராது, பெரும்பகுதி டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மீண்டும் வடித்து ஊற்றுகிறோம். ஆயில் ஏற்கெனவே கருகி, வண்டி வழுக்கிக்கொண்டும் இருந்தால் புது ஆயில் அதைக் காப்பாற்றாது. அதை முதலிலேயே சொல்லாமல் பணம் வாங்குவது நேர்மையில்லை. பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் தட்டை (ஆயில் பேன்) கழற்றும்போது பக்கத்தில் நின்று அதன் காந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். மை போன்ற மெல்லிய பொடி வயதின் தேய்மானம். விரலில் குத்தும் உலோகச் சில்லுகள் இருந்தால் பெட்டியைத் திறக்கும் பேச்சுக்கு நியாயம் உண்டு.

ஊட்டி மலைப்பாதையில் வாகனங்கள் நிற்கும் ஏற்றத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். டார்க் கன்வெர்ட்டரில் ஆயில் கொதிக்கும், ஏஎம்டியில் கிளட்ச் எரியும். பிரேக்கில் நிறுத்துங்கள். இறங்கும்போது லீவரை ‘2’ அல்லது ‘L’ என்ற குறைந்த கியர் நிலையில் வைத்து இறங்குங்கள்.

இன்ஜின் இரைந்து ஏறுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்ற கட்டம் வந்தால் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். முன்சக்கர இழுவை வண்டியைக் கயிறு கட்டி இழுக்க வேண்டாம். முன்சக்கரங்கள் தரையில் உருளாதபடி தூக்கிச் செல்லும் வண்டியையோ, முழுதாக ஏற்றிச் செல்லும் லாரியையோ கூப்பிடுங்கள்.