ரேடார் படத்தில் கப்பலை அளக்கும் முன்

ரேடார் படம் ஒன்றைச் சமூக வலைத்தளத்தில் போட்டு, மேலே ஒரு கோடும் இழுத்து, 'இந்தக் கப்பல் இத்தனை மீட்டர்' என்று எழுதுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1-இன் தரவு இலவசமாகக் கிடைப்பதால் வந்த பழக்கம். ஆர்வம் நல்லதுதான். ஆனால் ரேடார் தரவைச் செயலாக்கிப் பிழைக்கிற என் போன்றவர்களுக்கு அந்தக் கோட்டைப் பார்த்தால் கொஞ்சம் பதறும்.

செயற்கைக்கோளில் உள்ள எஸ்.ஏ.ஆர். ரேடார் (தான் நகர்ந்துகொண்டே எதிரொலிகளைச் சேர்த்துப் படமாக்கும் ரேடார்), கீழே இருப்பதெல்லாம் அசையாமல் இருக்கிறது என்று நம்பித்தான் படத்தைக் கட்டுகிறது. அசைவது எல்லாம் தன்னுடைய அசைவுதான் என்பது அதன் கணக்கு. கப்பல் அந்தக் கணக்கைக் கெடுக்கிறது. சென்டினல்-1 நொடிக்குச் சுமார் 7.5 கி.மீ. வேகத்தில் போகிறது, சாய்ந்த பார்வையில் கடல் 800 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. கப்பல் ரேடாரை நோக்கி நொடிக்கு 3 மீட்டர் நெருங்கினாலே, படத்தில் அது 300 மீட்டருக்கு மேல் இடம் மாறி விழும். அலைத்தடம் ஓரிடத்தில் கிடக்கும், கப்பல் தனியாக வேறிடத்தில் நிற்கும். அலையில் ஆடினால் உருவம் இழுபட்டுக் கலங்கியும் போகும்.

இந்தக் கோளாறையே கருவியாக்கிக்கொள்வதுதான் ஐசார், அதாவது தலைகீழ் எஸ்.ஏ.ஆர். இங்கே ரேடார் நகரவேண்டிய கட்டாயமில்லை. இலக்கு திரும்பினால் போதும். திரும்பும் பொருளின் ஒவ்வொரு புள்ளியும் ரேடாரை நோக்கி வெவ்வேறு வேகத்தில் வரும் அல்லது விலகும். அந்த வேக வித்தியாசம் டாப்ளர் வித்தியாசமாக, அதாவது எதிரொலியின் அதிர்வெண் மாற்றமாகப் பதிவாகிறது. தூர அச்சில், அதாவது ரேடார் பார்க்கும் திசையில், பிரிதிறன் (எவ்வளவு நெருங்கிய இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும் என்பது), அனுப்பும் அலைவரிசையின் அகலத்தைப் பொறுத்தது: 500 மெகாஹெர்ட்ஸ் இருந்தால் 30 செ.மீ. அதற்குச் செங்குத்தான குறுக்கு அச்சில் அது, அலைநீளத்தை, ரேடியனில் அளந்த திரும்பிய கோணத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. 3 செ.மீ. அலைநீளமும் 3 டிகிரி திருப்பமும் இருந்தால் சுமார் 29 செ.மீ. இதில் தூரத்துக்கு இடமே இல்லை. எதிரொலி போதிய வலுவோடு திரும்பிவந்தால், 20 கி.மீ.யிலும் 200 கி.மீ.யிலும் அதே நுணுக்கம்தான்.

நடைமுறையில் சிக்கல், இலக்கு திரும்புவதோடு நகரவும் செய்கிறது என்பது. திருப்பம் வேண்டும், நகர்வு வேண்டாம். முதலில் ரேடார் அனுப்பும் ஒவ்வொரு துடிப்பின் எதிரொலியையும் ஒன்றன் கீழ் ஒன்றாக நேர்படுத்துகிறோம். பிறகு கட்டத்தை (phase, அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் எங்கே இருக்கிறது என்பது) திருத்துகிறோம். 3 செ.மீ. அலையில் வெறும் 7.5 மில்லிமீட்டர் நகர்வே கட்டத்தை 180 டிகிரி புரட்டிவிடும் என்பதால், இதில் தாராளம் காட்ட முடியாது. பளிச்சென்று தெரியும் ஒரு புள்ளியைப் பிடித்து மற்றதைச் சரிசெய்வது ஒரு வழி. படத்தின் என்ட்ரோபி (ஒளி எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதன் அளவு) குறையும்வரை திருத்திக்கொண்டே போவது இன்னொன்று. இரண்டாவது இப்போது எல்லோருக்கும் பிடித்தமானது. எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. கூர்மையான படத்தைத்தான் அது தேடுகிறது, சரியான படத்தை அல்ல. இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும், எப்போதும் அல்ல.

எத்தனை நொடி தரவை எடுப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. குறைவாக எடுத்தால் கோணம் போதாது. அதிகமாக எடுத்தால் அதற்குள் கப்பல் ஆட்டத்தை மாற்றிக்கொண்டுவிடும். ஆகவே திருப்பம் ஏறக்குறைய சீராக இருக்கும் ஒரு சிறு இடைவெளியைத் தேடி எடுக்கிறோம்.

இப்படிக் கிடைத்த படத்தின் ஓர் அச்சு நீளம், மற்றது வேகம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ரேடாரை நேராக நோக்கி வரும் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அணியம் (கப்பலின் முன்பகுதி) ஏறி இறங்கும்போது உயரமான பாகங்களுக்கு டாப்ளர் அதிகம். பாய்மரக் கம்பமும் மேல்தளமும் பக்கவாட்டுத் தோற்றமாகத் தெரியும். அதே கப்பல் இடம் வலமாகத் தலையைத் திருப்பினால், மேலிருந்து பார்த்த தோற்றம் வரும். சில நொடி கழித்து ஆட்டம் எதிர்த்திசைக்கு மாறினால் படம் தலைகீழாகும், கம்பம் கீழே தொங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கணம் எல்லாம் ஒரே கோடாகச் சுருங்கிவிடும். கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கணத்தில் அது திரும்பவில்லை, அவ்வளவுதான். அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து பறக்கும் கடற்படையின் பி-8ஐ விமானங்களின் ரேடாரிலும் ஐசார் வசதி இருக்கிறது. கடல் அமைதியாக இருப்பது இந்த வேலைக்கு உதவாது என்பது வேடிக்கைதான்.

குறுக்கு அச்சை மீட்டராக மாற்றத் திருப்ப வேகம் தெரியவேண்டும். அது தெரியாதவரை அங்கே இருப்பது ஹெர்ட்ஸ் மட்டுமே. தூர அச்சும் முழு உண்மை சொல்லாது: கப்பல் 60 டிகிரி சாய்வாக நின்றால், நீளத்தில் பாதிதான் அதில் தெரியும். கப்பல்கள் தாமே வானொலியில் அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். தரவில் கப்பலின் திசை கிடைத்தால் திருத்திக்கொள்ளலாம்.

ஒரே தூரத்தில் படத்தைக் குறுக்கே வெட்டும் பட்டை தெரிந்தால் தீ, சேதம் என்று எழுதிவிடாதீர்கள். சுழலும் ஆன்டெனாவோ ஹெலிகாப்டரின் விசிறியோ செய்யும் வேலை அது. ஜெட் விமானத்தின் பின்னால் வால் நீண்டிருந்தால், என்ஜினின் காற்றுக்குழாய்க்குள் அலை பலமுறை மோதித் தாமதமாக வெளிவந்திருக்கலாம்.

திருப்பமே கேள்வியாகும் இடங்களும் உண்டு. 2012 ஏப்ரல் 8-ஆம் தேதி ஐரோப்பாவின் புவி நோக்கு செயற்கைக்கோளான என்விசாட்டுடன் தொடர்பு அறுந்தபோது, ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே வாக்ட்பெர்க்கில் உள்ள, 34 மீட்டர் ஆன்டெனா கொண்ட டிரா ரேடார் அதைப் படமெடுத்தது. அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிய அந்தப் படங்கள் உதவின. சுற்றுப்பாதை துல்லியமாகத் தெரியும் என்பதால் அங்கே நகர்வைக் கழிப்பது கப்பலைவிட எளிது.

கலங்கிய கப்பலை நீங்களே ஐசார் முறையில் கூர்மையாக்கிப் பார்க்க விரும்பினால், கட்டமும் சேர்ந்திருக்கும் எஸ்.எல்.சி. வகைக் கோப்பை இறக்குங்கள். சென்டினலின் வழக்கமான, அகலமான பரப்பைப் படமெடுக்கும் ஐ.டபிள்யூ. முறையில் பிரிதிறன் சுமார் 5-க்கு 20 மீட்டர்தான், ஆகவே பெரிய பலனை எதிர்பார்க்கவேண்டாம். வேறு செயற்கைக்கோள்கள் ஸ்பாட்லைட் முறையில், அதாவது ஒரே இடத்தை நீண்ட நேரம் நோக்கி, எடுத்த தரவில் வித்தியாசம் தெரியும். பெரும்பாலோர் பயன்படுத்தும் ஜி.ஆர்.டி. கோப்பில் வீச்சு, அதாவது எதிரொலியின் வலு, மட்டும்தான் இருக்கிறது. கட்டத்தை முன்பே வீசியிருப்பார்கள், எந்த மென்பொருளும் அதைத் திரும்பக் கொண்டுவராது.