அனுமதிப் பரீட்சை வகுப்புக்குக் கட்டிய காசு: மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள்

வெளிநாட்டுத் தாதி வேலைக்கான அனுமதிப் பரீட்சை வகுப்புக்குக் காசு கட்டி ஏமாந்திருந்தால், பணம் கட்டிய திகதியை முதலில் எடுத்துப் பாருங்கள். அன்றிலிருந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால், இதை வாசித்து முடிக்க முன்னமே ஒரு தாளில் முறைப்பாட்டை எழுதத் தொடங்குங்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நான் முறைப்பாடு எழுதிக் கொடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் தோற்றது இந்த மூன்று மாதத்தில்தான்.

வெளிநாட்டில் தாதியாக வேலை செய்ய அனுமதிப் பரீட்சை எழுதவேண்டும். வளைகுடா நாடுகளுக்கான பரீட்சையை ஊரில் 'புரோமெட்ரிக்' என்கிறோம். உண்மையில் அது பரீட்சையை நடத்திக் கொடுக்கும் கம்பனியின் பெயர். அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ். இவற்றுக்கு ஆயத்தப்படுத்துகிறோம் என்று வரும் தனியார் கம்பனிகள் ஏ9 வீதி நெடுகப் பதாகை கட்டி, மண்டபம் எடுத்து, இலவசக் கருத்தரங்கு வைக்கின்றன. வாசலில் ஒரு கொப்பி இருக்கும். பெயர், தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், தாய் தகப்பனின் தொழில் எல்லாம் அதில் எழுதச் சொல்வார்கள். அன்றிரவே அழைப்பு வரும். பிள்ளை எடுக்காவிட்டால் தாய்க்கு எடுப்பார்கள். 'நாளைக்குள் கட்டினால் பாதி விலை' என்பார்கள். தாய் தோட்டை அடகு வைப்பாள், இல்லாவிட்டால் மகளிர் சங்கத்தில் கடன் எடுப்பாள். வன்னியில் கடன் வாங்குவது என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அரிசிக்கும் பால்மாவுக்கும் மட்டும் உரியதல்ல. காசுக்கு விற்கப்படும் சேவையும் அதற்குள் வரும். 30ஆம் பிரிவு ஏமாற்றும் நடத்தையைத் தடுக்கிறது. 31ஆம் பிரிவு பொய் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் வழங்கவேண்டும் என்கிறது 32ஆம் பிரிவு. விசாரித்த பின் நட்டஈடு கொடுக்கவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் 13ஆம் பிரிவில் அதிகார சபைக்கு உண்டு. அதே பிரிவில்தான் பொறியும் இருக்கிறது: முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கப்படவேண்டும்.

கம்பனிகளுக்கு இது நன்றாகத் தெரியும். வகுப்பு சரியில்லை என்று சொன்னால் சண்டை பிடிக்கமாட்டார்கள், மிகவும் அன்பாகப் பேசுவார்கள். 'தங்கச்சி, அடுத்த பட்ச்சில் போடுறம்', 'சேர் வெளிநாடு போயிருக்கிறார்', 'புதுப் பாடத்திட்டம் வருது' என்று வாரக்கணக்கில் இழுப்பார்கள். முத்தையன்கட்டுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இப்படியே நான்கு மாதம் காத்திருந்துவிட்டு என்னிடம் வந்தாள். வாட்ஸ்அப்பில் எழுபதுக்கு மேல் செய்தி அனுப்பியிருந்தாள், அலுவலகத்தில் கொடுத்த கடிதம் ஒன்றுகூட இல்லை. ஆகவே கம்பனியோடு பேசிக்கொண்டே இருங்கள், தவறில்லை. ஆனால் முறைப்பாட்டை இன்றைக்கே கொடுங்கள். சேவை எந்த நாளில் கிடைத்தது என்று பிறகு ஆளுக்கு ஆள் வாதாடுவார்கள், அதனால் பணம் கட்டிய நாளில் இருந்தே எண்ணுங்கள்.

எதை முறையிடுவது என்பதிலும் பிள்ளைகள் தவறுகிறார்கள். 'வகுப்பு நல்லாயில்லை' என்று எழுதினால் அது ஒருவரின் அபிப்பிராயமாகப் போய்விடும். விளம்பரத்தில் சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நூற்றுக்கு நூறு சித்தி என்றார்கள், எத்தனை பேர் எழுதி எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்று கேட்டபோது காட்டவில்லை. புதிய வினாக்கள் என்றார்கள், கொடுத்தது பழையவை. என்கிளெக்ஸின் வினா அமைப்பு 2023 ஏப்ரலில் மாறியது. அதற்கு முந்திய வினாக்கொத்தைப் பெயர் மாற்றி 'புதியது' என்று விற்றிருந்தால் அது 31ஆம் பிரிவுக்கு நேராகப் போகும் விடயம். விளம்பரத்தைப் பார்த்த அன்றே திரையைப் படம் எடுத்து வையுங்கள். பணம் கைமாறியதும் முகநூல் பதிவை அழித்துவிடுவார்கள்.

'சித்தியடையாவிட்டால் காசு திரும்ப' என்ற வாக்குறுதியைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். எல்லாப் பயிற்சியையும் நூறு வீதம் முடித்திருக்கவேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்குள் பரீட்சை எழுதியிருக்கவேண்டும், பெறுபேற்றைத் தரவேண்டும் என்று நிபந்தனைகள் வேறொரு பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும், விளம்பரம் மட்டும் தமிழில் இருக்கும். பணம் கட்டமுன் 'எந்த எந்த நிபந்தனையில் திருப்பித் தருவீர்கள்' என்று வாட்ஸ்அப்பில் தமிழில் கேட்டு, தமிழில் பதில் வாங்குங்கள். குரல் அழைப்பில் சொன்னதை யாராலும் நிரூபிக்க முடியாது.

'உண்மையான பரீட்சைக் கேள்வி எங்களிடம் இருக்கிறது' என்பவர்களிடம் போகவே வேண்டாம். இந்தப் பரீட்சைகளில் உட்காரமுன் கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று பரீட்சார்த்தி ஒப்புக்கொள்கிறார். மீறினால் பெறுபேறே இரத்தாகலாம். கம்பனிக்கு நட்டமில்லை, உங்கள் தொழில்தான் போகும்.

'அரசாங்கத்தில் பதிவு செய்த நிறுவனம்' என்று சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கும் கடதாசியைக் கிட்டப் போய் வாசியுங்கள். பெரும்பாலும் அது வியாபாரப் பெயர்ப் பதிவு. தேங்காய்க் கடைக்கும் அதே பதிவுதான். பாடநெறியின் தரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இராது. 'வகுப்பு முடிய வேலையும் எடுத்துத் தருவோம்' என்று சேர்த்துச் சொன்னால் அது வேறு சட்டம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சரிபாருங்கள். கேட்டதும் அவர்களுக்குக் கோபம் வந்தால் பணத்தோடு வீட்டுக்குத் திரும்புங்கள்.

இனி உங்கள் விபரங்களைப் பற்றி. இதைப் பலர் சின்ன விடயம் என்று நினைக்கிறார்கள். சென்ற ஆண்டு எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் படத்தை 'எங்கள் வெற்றி' என்று பெரிய பதாகையில் போட்டார்கள். அவள் பரீட்சையே எழுதியிருக்கவில்லை. சந்தையில் நின்ற எல்லோரும் தாயைப் பிடித்து 'எப்ப வெளிநாடு' என்று கேட்டார்கள். கடன் கொடுத்தவர்களும் கேட்டார்கள். அவள் ஒரு மாதம் வெளியே வரவில்லை.

அனுமதி இல்லாமல் எப்படிப் போட்டார்கள் என்று கேட்டபோது கம்பனி பதிவுப் படிவத்தைக் காட்டியது. கடைசி வரியில், படத்தையும் பெயரையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்று பொடி எழுத்தில் இருந்தது. அதன் கீழ் அவளுடைய ஒப்பம். அந்த வரியைப் பேனையால் வெட்டிவிட்டு ஒப்பமிட உங்களுக்கு உரிமை உண்டு. வெட்டிய படிவத்தை உடனே படம் எடுங்கள்.

2022இல் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே என்று கேட்பீர்கள். வந்தது. சம்மதத்தை மீளப் பெறவும், தரவை அழிக்கச் சொல்லவும், கேட்காமல் வரும் விளம்பரச் செய்திகளை நிறுத்தவும் அதில் எழுதியிருக்கிறது. ஆனால் நம் உரிமைகளைச் சொல்லும் பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்துவிட்டு, அந்தத் திகதிக்கு முன்னமே தள்ளிவைத்தார்கள். அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தவும் செய்தார்கள். மூன்று வருடம் காத்திருந்த சனத்துக்குக் கிடைத்தது இன்னொரு காத்திருப்பு. ஆகவே அந்தப் பகுதிகள் நடைமுறைக்கு வந்த திகதி வர்த்தமானியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளாமல், இந்தச் சட்டம் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு அலுவலகம் போகாதீர்கள். படத்தை எடுக்கச் சொல்லியும், சம்மதத்தை மீளப் பெறுகிறேன் என்றும், இலக்கத்தை அழிக்கச் சொல்லியும் கம்பனிக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதன் பிரதியை முறைப்பாட்டோடு இணையுங்கள். பரீட்சை எழுதாதவரின் படத்தைச் சித்தியடைந்தவர் என்று போடுவது வாங்குபவரை ஏமாற்றும் விளம்பரமும்தான். அது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியிலேயே போகும்.

அடையாள அட்டைப் பிரதி கேட்டால், 'இன்ன வகுப்புப் பதிவுக்கு மட்டும்' என்று திகதியோடு பிரதியின் குறுக்கே எழுதிக் கொடுங்கள். அந்த இலக்கத்திலேயே நீங்கள் பிறந்த வருடமும் நாளும் ஆணா பெண்ணா என்பதும் இருக்கிறது. பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டியிருக்கும். கருத்தரங்கு வாசல் கொப்பியில் அதை எழுதவே தேவையில்லை. பரீட்சைக் கணக்கின் கடவுச்சொல்லை 'நாங்களே பதிந்து தாறம்' என்று கேட்பவர்களுக்குக் கொடுக்கவேண்டாம். அது போனால் பரீட்சைத் திகதியும் பெறுபேறும் அவர்கள் கையில்.

இப்போது அலுவலகம். மாவட்டச் செயலகத்தில், நம் சொல்லில் கச்சேரியில், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் மாவட்ட அலகைக் கேளுங்கள். 1977க்கு அழைத்தும் விபரம் கேட்கலாம். ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள், சட்டம் கேட்பது எழுத்து. நான் ஒரு தாயோடு போனபோது ஓர் அலுவலகத்தில் 'இது படிப்பு விடயம், கல்விக்குப் போங்கோ' என்றார்கள். அங்கே 'இது தனியார், எங்களுக்கில்லை' என்றார்கள். மூன்றாவது இடத்தில் 'பொலிஸுக்குப் போங்கோ' என்றார்கள். பொலிஸில் 'இது காசுக் கொடுக்கல் வாங்கல்' என்றார்கள். துணுக்காயில் இருந்து வந்த அந்தத் தாய்க்கு நான்கு நாள் கூலியும் பஸ் காசும் போனதுதான் மிச்சம்.

உங்களையும் இப்படி அனுப்பினால் வாய்ப்பேச்சில் இறங்கவேண்டாம். 'இது நான் பணம் கொடுத்து வாங்கிய சேவை, 30, 31, 32ஆம் பிரிவுகளின் கீழ் முறையிடுகிறேன்' என்ற வசனம் கடிதத்தின் முதல் வரியாக இருக்கட்டும். இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை குத்த மறுத்தால் வாக்குவாதப்படாமல் வெளியே வந்து அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டுத்தான் இனி உங்கள் திகதி. பணம் கட்டிய பற்றுச்சீட்டு இல்லாதவர்கள் வங்கி வைப்புத் துண்டையோ கணக்குக் கூற்றையோ இணைக்கலாம். யாருடைய சொந்தக் கணக்கில் போட்டீர்களோ அந்தப் பெயரையும் எழுதுங்கள். பிறகு 'அவர் எங்கள் ஆள் இல்லை' என்று கம்பனி சொல்வதை நான் இரண்டு தரம் கண்டிருக்கிறேன்.

கம்பனி வெளிநாட்டில் இருந்து, நீங்கள் வங்கி அட்டையால் கட்டியிருந்தால் கச்சேரிக்கு அலைவதில் பலன் குறைவு. வங்கிக்குப் போய் அந்தக் கொடுப்பனவை மறுத்து எழுத்தில் முறையிடுங்கள். மாதாமாதம் தானாக வெட்டும் சந்தாவாக இருந்தால் முதலில் அதை நிறுத்தி, நிறுத்திய திரையைப் படம் எடுங்கள். வங்கி அசட்டை செய்தால் மத்திய வங்கியின் 1935 தொலைபேசி இலக்கம் இருக்கிறது. இங்கே ஒரு முகவர் காசு வாங்கியிருந்தால் அவர் மீது முறைப்பாட்டைக் கச்சேரியிலேயே கொடுக்கலாம்.

கொடுத்த முறைப்பாட்டுக்குச் சத்தம் இல்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 'இன்ன திகதியில் நான் கொடுத்த முறைப்பாட்டில் எடுத்த நடவடிக்கை என்ன, கோவை யாரிடம் இருக்கிறது' என்று அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்கவேண்டும். மாதக்கணக்கில் அசையாத கோவை இந்த ஒரு தாளுக்கு அசைந்ததைப் பார்த்திருக்கிறேன். பதில் சிங்களத்தில் வந்தால் அப்படியே திருப்பி அனுப்பி, தமிழில் தரும்படி கேளுங்கள். வடக்கில் நிர்வாக மொழி தமிழ். அதைக் கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

முறைப்பாடு பதிவானதும் கம்பனி வீட்டுக்கு வரும். அநேகமாகப் பிள்ளை இல்லாத நேரம் பார்த்து, ஊரில் மதிப்பான ஒருவரைக் கூட்டிக்கொண்டு தாயிடம்தான் வருவார்கள். 'பிரச்சினை தீர்ந்தது, முறைப்பாட்டை மீளப் பெறுகிறேன்' என்று அச்சடித்த கடிதம் கையில் இருக்கும். காசு அடுத்த கிழமை என்பார்கள். பணம் கணக்கில் விழுந்ததை வங்கியில் பார்த்த பிறகுதான் ஒப்பம் என்று அம்மாவுக்கு முன்னமே சொல்லி வையுங்கள். தவணையாகத் தருவதென்றால் ஒவ்வொரு தவணையின் திகதியும் தொகையும், பதாகையில் இருந்து படத்தை இறக்கும் நாளும் அதே கடிதத்தில் எழுதப்பட்டு, அவர்களும் ஒப்பமிட்ட ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கவேண்டும்.