பசுமை ஹைட்ரஜன் மானியம் யார் கைக்குப் போகிறது?

‘ஹைட்ரஜன் கார் வாங்கினால் மானியம் எவ்வளவு?’ என்று காரைக்குடியில் என்னிடமே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். வாங்குபவருக்கு இதில் ஒரு காசும் இல்லை. பசுமை ஹைட்ரஜன் என்பது பெரும்பாலும் சூரிய, காற்று மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் எரிபொருள். 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். அதில் 17,490 கோடி, ஹைட்ரஜனையும், தண்ணீரைப் பிரிக்கும் மின்பகுப்புக் கருவிகளையும் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு. ஏலத்தில் வென்றவருக்குக் கிலோவுக்கு முதலாண்டில் அதிகபட்சம் 50 ரூபாய், மறு ஆண்டு 40, மூன்றாம் ஆண்டு 30. அதோடு சரி. ஒரு கிலோ தயாரிக்க 2 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறினால் ‘பசுமை’ என்ற பெயர் கிடைக்காது.

வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், விழும் மழைநீரை அண்டாவில் பிடித்துவைத்துப் பழகிய ஊர் என்பதால், இங்கே அடுத்த கேள்வி தண்ணீர். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் சுத்த நீர், ஒரு குடத்தில் அடங்கிவிடும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை அப்படியே கருவிக்குள் விட முடியாது. சுத்திகரிப்பில் கழியும் நீரையும் சேர்த்தால் கணக்கு ஏறும். ஆனாலும் உண்மையான தாகம் மின்சாரத்துக்குத்தான்.

கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் வேண்டும். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் இரண்டு கிலோதான் தேறும், அதுவும் இழுபறியாக. ஹைட்ரஜன் பஸ் 100 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 8 கிலோவாவது கேட்கும். மின்சாரமோ சூரியனிலிருந்தும் காற்றிலிருந்தும் வர வேண்டும். வெயில் சாய்ந்தால் விலையுயர்ந்த கருவி சும்மா நிற்கும். பிரித்து, அழுத்தி, வண்டிக்குள் மறுபடி மின்சாரமாக்கி முடிப்பதற்குள், போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. பேட்டரி வண்டியில் இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சேரும். ஆகவே காருக்கு இது வேண்டாத சுமை என்பது என் எண்ணம். தொலைதூர லாரிக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

சேமிப்பு இன்னொரு தலைவலி. சாதாரண அழுத்தத்தில் ஒரு கிலோ, 11,000 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். ஒரு பெரிய தண்ணீர் லாரி நிறைய. அதனால் வளிமண்டலத்தைப் போல 350 அல்லது 700 மடங்கு அழுத்தி அடைக்கிறார்கள். மெல்லிய இடுக்கிலும் கசியும். எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்க வைக்கும்.

வாகனச் சோதனைக்கென 2025 மார்ச்சில் அறிவித்தவை 37 வண்டிகள், 9 நிரப்பு நிலையங்கள். அவை ஓடும் 10 வழித்தடங்களில் தமிழ்நாட்டுத் தடம் ஒன்றுகூட இல்லை. அருகில் இருப்பது திருவனந்தபுரம் - கொச்சி. இயக்கத்தின் ஒதுக்கீட்டில் ஆராய்ச்சிக்குத் தனியே 400 கோடி இருக்கிறது. இங்கே காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் நிற்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் துறைகளில் மின்பகுப்பும் ஒன்று. காரைக்குடியிலிருந்து யாராவது விண்ணப்பிப்பதானால், அந்த 400 கோடிக்குத்தான்.