சார்ஜர் பெட்டியில் உள்ள எண்ணை வைத்து நேரம் கணக்குப் போடாதீர்கள்

போன வாரம் வெள்ளவத்தையில் இருந்து மறுபடியும் அதே அழைப்பு. "அண்ணன், மின்சாரக் காருக்கு 22 கிலோவாட் சார்ஜர் வாங்கிப் பூட்டியிருக்கிறேன். மூன்று மணித்தியாலத்தில் நிரம்ப வேண்டிய கார் விடிய விடிய ஏறுது. சார்ஜரில் பழுதா, வயரிங்கில் பழுதா?" இரண்டிலும் பழுதில்லை, கணக்குத்தான் பிழை. 2025இல் வாகன இறக்குமதி மறுபடி தொடங்கியதில் இருந்து கொழும்பில் வீடுகளுக்குச் சார்ஜர் பூட்டும் வேலை எனக்குக் கூடிவிட்டது. கூடவே இந்த முறைப்பாடும் கூடிவிட்டது.

எல்லோரும் போடும் கணக்கு இதுதான்: பற்றரி 60 யூனிட் (கிலோவாட் மணி), பெட்டி 22 கிலோவாட், 60ஐ 22ஆல் பிரித்தால் மூன்றுக்கும் குறைவு. ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் பெட்டி பற்றரியை நிரப்புவதில்லை. வீட்டுக் கரண்டைப் பாதுகாப்பாகக் காருக்குத் திறந்துவிடுவது மட்டும்தான் அதன் வேலை. வீட்டுக்கு வருவது ஆடலோட்டம் (ஏசி), பற்றரி ஏற்பது நேரோட்டம் (டிசி). அதை மாற்றும் கருவி காருக்குள் இருக்கிறது. பிவைடி அட்டோ 3 காரில் அது 7 கிலோவாட். ஜப்பானில் இருந்து வந்த நிசான் லீஃப் பலவற்றில் 3 கிலோவாட்தான், சிலவற்றில் 6. வெளியே 22 பூட்டினாலும் 50 பூட்டினாலும் கார் தன் அளவுக்கு மேல் ஒரு துளியும் எடுக்காது. திரும்பவும் சொல்கிறேன்: பெட்டியில் இருப்பது அது தரக்கூடிய உச்சம், கார் எடுக்கும் அளவு அல்ல. காசைக் கொட்டிப் பெரிய பெட்டி வாங்குவதற்கு முன் கார் கையேட்டில் அந்த ஒரு பக்கத்தைப் பாருங்கள்.

அப்புறம் வீட்டு இணைப்பு. நம் வீடுகளில் பெரும்பாலும் ஒற்றைக் கட்டம் (சிங்கிள் பேஸ்), 30 அம்பியர். 230 வோல்ற்றில் அது மொத்தமே 6.9 கிலோவாட். 7 கிலோவாட் பெட்டி 32 அம்பியர் கேட்கும். குளிரூட்டியும் ஹீட்டரும் அதே இணைப்பில்தான் ஓட வேண்டும். அதனால் நான் பெட்டியை 16 அம்பியருக்குக் குறைத்துத்தான் கொடுப்பேன்.

சரி, கணக்கை இப்படிப் போடுங்கள். வீட்டு இணைப்பு, பெட்டி, காருக்குள் இருக்கும் கருவி, இந்த மூன்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் வேகம். அதிலும் பத்தில் ஒரு பங்கு, சில வேளை இன்னும் கொஞ்சம், வெப்பமாகப் போய்விடும். ஏற்ற வேண்டியதும் முழுப் பற்றரி அல்ல. 20 வீதத்தில் இருந்து 80 வரை என்றால் 60 யூனிட் பற்றரிக்கு 36 யூனிட். காரோடு வரும் 10 அம்பியர் கேபிளில் மணிக்கு 2 யூனிட் அளவில் ஏறும், 18 மணித்தியாலம். 16 அம்பியரில் ஏறக்குறைய 11. முழு 7 கிலோவாட் கிடைத்தால் 6க்குள் முடியும்.

18 என்றதும் பலர் பயப்படுகிறார்கள். கொழும்புக்குள் ஒரு நாளைக்கு 40 கிலோமீற்றர் ஓடினால், நெரிசலையும் குளிரூட்டியையும் சேர்த்து 6, 7 யூனிட்தான் போகும். அதை அந்தச் சின்னக் கேபிளே மூன்றரை மணித்தியாலத்தில் ஈடுசெய்யும். நேரவாரிக் கட்டணத்தில், அதாவது நேரத்துக்கு நேரம் மாறும் மின்கட்டணத்தில், இருப்பவர்களுக்கு இரவு 10.30 முதல் காலை 5.30 வரை கட்டணமும் குறைவு. இவ்வளவு மட்டும் ஓடுபவர்களுக்குப் பெரிய பெட்டியே தேவையில்லை என்று நான் நேரே சொல்லிவிடுவேன், வியாபாரம் போனாலும்.

வெளியே இருக்கும் வேக சார்ஜர் வேறு கதை. அது நேரோட்டத்தையே பற்றரிக்குக் கொடுக்கும். ஆனாலும் 80 வீதத்துக்குப் பிறகு காரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி 20 வீதத்துக்காக வரிசையில் மற்றவர்களைக் காக்க வைக்காதீர்கள். முதல் இரண்டு தலைமுறை லீஃபில் பற்றரியைக் குளிர்விக்கத் தனி அமைப்பு இல்லை. அதிவேக வீதியில் வேகமாக ஓடி வந்த சூட்டோடு போட்டால் இன்னும் மெதுவாகத்தான் ஏறும். பழைய லீஃப் முந்தியை விடச் சீக்கிரம் நிரம்புகிறது என்று சந்தோசப்படுபவர்களும் இருக்கிறார்கள். பற்றரியின் கொள்ளளவு தேய்ந்துவிட்டது, அதுதான் காரணம்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது இதற்குப் பிறகு நடப்பதைப் பார்த்துத்தான். வேகம் போதவில்லை என்று 30 அம்பியர் பிரேக்கரைக் கழற்றி 40 போடச் சொல்கிறார்கள். அதே பழைய வயர் சுவருக்குள் சூடாகிக்கொண்டிருக்கும், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்து தருகிறேன் என்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். கூடுதல் கரண்ட் வேண்டுமானால் இணைப்பை உயர்த்தித் தரும்படி முறையாக விண்ணப்பியுங்கள். தொடர்மாடியில் மூன்றாம் மாடி ஜன்னலால் எக்ஸ்டென்ஷன் கோட் இறக்குவதும் வேண்டாம். வட்டப் பின், சதுரப் பின் மாற்றிகள் வேண்டவே வேண்டாம், கேபிளை நல்ல 13 அம்பியர் பிளக்கில் நேரடியாகப் போடுங்கள். முதல் நாள் ஒரு மணித்தியாலம் ஏறிய பின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் அப்போதே நிறுத்துங்கள். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் அதைக் கழற்றாமல் எர்த்தைச் சோதிக்க ஆளைக் கூப்பிடுங்கள்.

என்னைக் கூப்பிடுவதாக இருந்தாலும் சரி, வேறு ஆளைக் கூப்பிடுவதாக இருந்தாலும் சரி, மூன்று படங்களை முதலில் அனுப்புங்கள்: மெயின் சுவிட்ச், மீற்றர், கார் கையேட்டில் சார்ஜிங் பற்றிய பக்கம். எத்தனை மணித்தியாலம் ஆகும் என்று எதையும் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடலாம்.