வெள்ளைப்படுதல்: நிறத்தை மட்டும் பார்த்து மருந்து வாங்காதீர்கள்

வெள்ளைப்படுகிறது என்று வருபவர்களில் பலர், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய பூஞ்சைத் தொற்றுக்கான மாத்திரையை யோனிக்குள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். வாடை மட்டும் போயிருக்காது. பல நேரம் அது பூஞ்சையே இல்லை.

மாதவிலக்கு முடிந்த சில நாட்களுக்குத் திரவம் பெரிதாக வராது. கருமுட்டை வெளியாகும் சமயத்தில் முட்டை வெள்ளைக்கருபோலத் தெளிவாக வரும். இரு விரல்களுக்கிடையே இழுத்தால் நூல்போல நீளும். பிறகு கெட்டியாகி வெளுக்கும். உள்ளாடையில் காய்ந்து இளமஞ்சளாகத் தெரிவதும், கர்ப்பத்தில் அளவு கூடுவதும் இயல்புதான். உங்கள் வழக்கத்திலிருந்து எது மாறியது என்பதே கேள்வி.

யோனியில் வாழும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் சுரந்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவைச் சுமார் 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கின்றன. இவை குறைந்து வேறு பாக்டீரியாக்கள் பெருகுவதுதான் பாக்டீரியல் வெஜினோசிஸ். சாம்பல் நிறத்தில் நீர்த்து வரும், மீன்வாடை அடிக்கும், உடலுறவுக்குப் பின் வாடை கூடும். அரிப்பு அதிகம் இருக்காது. பிஎச் 4.5-ஐத் தாண்டிவிடும். வாடைக்குப் பயந்து சோப்புப் போட்டு உள்ளே கழுவினால் நிலைமை இன்னும் மோசமாகும். வெளிப்புறத்தைத் தண்ணீரில் கழுவினால் போதும்.

பூஞ்சை என்றால் அரிப்புதான் முன்னால் நிற்கும். திரிந்த பால்போலக் கட்டிகட்டியாக வரும், வாடை இருக்காது, பிஎச்சும் பெரும்பாலும் மாறாது. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். உடலுறவில் பரவுவது என்பதால் துணைக்கும் சேர்த்தே மருந்து. இருவரும் குணமாகும்வரை உறவு வேண்டாம். இல்லையென்றால் தொற்று திரும்ப வந்துவிடும்.

பாடத்தில் இருப்பதுபோல் அறிகுறிகள் தெளிவாக வருவதில்லை. இரண்டு தொற்று சேர்ந்தும் இருக்கலாம். அதனால்தான் பரிசோதனை. ஸ்வாபில் (பஞ்சு சுற்றிய குச்சியில்) எடுத்த திரவத்தில் பிஎச் பார்த்து, ஒரு துளி உப்புநீரில் கலந்து உடனே மைக்ராஸ்கோப்பில் வைத்தால் டிரைக்கோமோனாஸ் துள்ளுவது தெரியும். தாமதித்தால் அசைவு நின்று கண்ணுக்குத் தப்பிவிடும். உடலுறவில் பரவும் கிளமிடியா, கொனோரியா என்ற தொற்றுகள் இரண்டும் இதில் தெரியாது. கிருமியின் மரபணுவைத் தேடும் தனிச் சோதனை வேண்டும். இவை பெரும்பாலும் அறிகுறியே காட்டாதவை. ஆகவே புதிய துணை, ஒன்றுக்கு மேற்பட்ட துணை என்றால் கேட்டே செய்துகொள்ளுங்கள்.

பரிசோதனைக்கு முன் 24 மணி நேரம் உடலுறவு, உள்ளே வைக்கும் மருந்து, உள்கழுவல் எதுவும் வேண்டாம். மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

காய்ச்சலோடு அடிவயிற்று வலி, கர்ப்பத்தில் தண்ணீர்போலக் கசிவு இருந்தால் அன்றே போக வேண்டும். உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நிரந்தரமாக நின்றபின் ஒரு துளி ரத்தம் என்றாலும் தள்ளிப்போடாதீர்கள். பூஞ்சைத் தொற்று ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை திரும்பினால் ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.